புதன்கிழமை வராண்டா

12.06.2024, புதன்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஹாரன் சத்தம் தாங்காமல் மகன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "பதினோரு வயசுப் புள்ளைய இப்படியா வளக்குறது?" என்றார் ஒரு பெரியவர். அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்னேன். பதில் இல்லை.

வட்டார வள மையத்தில் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி. வெளியே வராண்டாவில் அம்மாக்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். இன்று புதிதாக ஒருத்தி, மடியில் மூன்று வயது மகள். போன வாரம்தான் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னாராம். "சரியாப் போயிரும்லாக்கா?" என்றாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. மருந்து கொடுத்துப் போக்குகிற நோய் இல்லை இது, சீக்கிரமே பயிற்சி தொடங்கினால் பிள்ளை நிறையக் கற்றுக்கொள்ளும் என்றேன். பூரணமாகக் குணமாக்குகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதே என்றும் சொன்னேன். நாங்கள் கொடுத்து ஏமாந்தோம்.

19.06.2024, புதன்

அவள் வரவில்லை. போன் போட்டால் அழுகை. செல்போனைக் கையில் கொடுத்துக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்கிறாராம் மாமியார். பிள்ளை இரவு ஒரு மணிக்கு எழுந்தால் விடியும்வரை தூங்குவதில்லை, இவளும்தான். வளர்ப்பால் வருவதில்லை ஆட்டிசம். இதை அம்மாக்களைவிட வீட்டில் மற்றவர்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போடச் சொன்னேன். அதை வைத்து மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவுக்கும் சேர்த்து. என் மகனுக்கு அறிவுசார் குறைபாடும் இருப்பதால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி வருகிறது. ரயிலில் அவனுக்கும் கூடப் போகிற எனக்கும் முக்கால் பங்கு சலுகை. இதெல்லாம் இருக்கிறதென்றே எனக்கு நான்கு வருஷம் தெரியாது. சொல்ல ஆளில்லை.

பேசிக்கொண்டே இருந்தவள், "ஒரு மத்தியானம் தூங்குனாப் போதும்க்கா" என்றாள். அட்டை, காப்பீடு எல்லாம் அப்புறம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

30.06.2024, ஞாயிறு

மகன் அவன் அப்பாவோடு தாமிரபரணிக்குப் போனான். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அவனுக்கு எந்தச் சத்தமும் கேட்காது. நான் அவள் வீட்டுக்குப் போனேன். "போய்ப் படு" என்று உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

பாப்பா முதலில் சுவரோரம் போய் நின்றாள். கூப்பிடவில்லை, தூக்கவில்லை. துணி கிளிப் டப்பாவைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து வந்தாள். பச்சை எல்லாம் ஒரு வரிசை, சிவப்பு எல்லாம் ஒரு வரிசை. ஒரு சிவப்பைத் தப்பாக வைத்தேன். எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டு என் கையை ஒரு தட்டுத் தட்டினாள். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் வந்து உட்கார்ந்து ஒரு கிளிப்பை எடுத்தார்.

ஐந்து மணிக்குத்தான் எழுந்து வந்தாள், கன்னத்தில் பாய்த் தடத்தோடு.

"புதன்கிழமை நீங்க எத்தன மணி பஸ்ஸுக்குப் போவீங்கக்கா?"