கொடுக்காத ஓர் அசிஸ்ட்

கூடைப்பந்தில் புள்ளிக்கு வாதம் கிடையாது. பந்து வளையத்துக்குள் போனால் போனதுதான், ஸ்கோர்போர்டு மாறிவிடும். அசிஸ்ட், அதாவது கூடை விழ வழி செய்த பாஸுக்காகக் கொடுத்தவன் கணக்கில் சேர்வது, அப்படியில்லை. ஒருவர் பார்த்து "அசிஸ்ட்" என்று சொன்னால்தான் அது அசிஸ்ட். அமெரிக்காவில் எங்கள் கல்லூரி அரங்கில் அப்படிச் சொல்பவன் நான். நான் வாயால் சொல்வேன், பக்கத்தில் இருப்பவர் லேப்டாப்பில் ஏற்றுவார். "பதினொன்று பாஸ், இருபத்துநான்கு ஜம்ப் ஷாட், உள்ளே." இவ்வளவுதான் வேலை. கண்ணை ஒரு நொடி எடுக்க முடியாது.

2023 பிப்ரவரி கடைசி வாரம், சீனியர் நைட், கடைசி ஆண்டு வீரர்களை வழியனுப்பும் இரவு. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயிண்ட் கார்டுக்கு அது சொந்த அரங்கில் கடைசி ஆட்டம். அவனுடைய எண் பதினொன்று. (அந்த சீசன் வரை கல்லூரி ஆட்டத்தில் ஜெர்சி எண்ணில் ஆறு முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களுக்கு இடமில்லை. நடுவர் விரலால் எண் காட்ட வேண்டும், ஒரு கைக்கு ஐந்து விரல்தானே. அடுத்த சீசனில்தான் அந்தக் கட்டுப்பாடு போனது.) நான்கு வருடமும் அவன் எங்கள் கண் முன்னால் ஆடியவன். உயரம் குறைவு, தூரத்திலிருந்து எறிவதும் சுமார்தான். ஆனால் பந்து யாரிடம் போனால் கூடை விழும் என்பது மற்றவர்களுக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் பாதியில் அவன் வலது பக்கமாக உள்ளே புகுந்தான். இரண்டு தடுப்பாளர்களும் அவன் மேல் விழுந்தார்கள். பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டி மூலையில் நின்ற இருபத்துநான்காம் எண்ணுக்கு அனுப்பினான். அந்தப் பையன் எறிவதுபோல் பாவனை காட்டினான். ஓடிவந்த தடுப்பாளர் காற்றில் பறந்து தாண்டிப் போனார். பையன் இரண்டு முறை பந்தைத் தட்டி உள்ளே வந்து, நின்று, எறிந்தான். விழுந்தது.

"இருபத்துநான்கு, ஜம்ப் ஷாட், உள்ளே. அசிஸ்ட் இல்லை."

லேப்டாப்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் அதற்குள் மறுபக்கம் போய்விட்டது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கையேட்டில், கூடைக்கு நேரடியாக வழிவகுத்த முக்கியமான பாஸ் என்று புள்ளிவிவரக்காரர் கருதினால் அசிஸ்ட் என்று இருக்கிறது. எத்தனை தட்டு தட்டலாம் என்று கணக்கு கிடையாது. எறிந்தவன் தன் திறமையால் தடுப்பாளரை வென்றானா, பாஸே அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டதா என்பதுதான் கேள்வி. அந்தப் பாவனையும் இரண்டு தட்டும் இருபத்துநான்காம் எண்ணின் வேலை என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. ஆனால் மூலையில் அந்தப் பையன் அவ்வளவு தனியாக நின்றதே பதினொன்று இரண்டு பேரை இழுத்ததால்தான். அதுவும் உண்மை.

ஆட்டம் முடிந்தபின் பதினொன்று, அச்சடித்த பாக்ஸ் ஸ்கோரை, அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். கழுத்தில் இன்னும் மாலை மாதிரி எதையோ போட்டிருந்தார்கள். அவன் அம்மா சற்றுத் தள்ளி நின்றார்.

"சார், மூலைக்குக் கொடுத்தேனே, அது என்னுடையதில்லையா?"

"பாஸ் உன்னுடையதுதான். கூடையை அவன் தானாக உருவாக்கிக்கொண்டான்."

தாளை மறுபடி பார்த்தான். "சரி சார். நீங்கள் பார்த்ததைத்தானே சொல்ல முடியும்."

கோபமே இல்லை. அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் போகாமல் இருக்கிறது. என்னைப் புரிந்துகொண்டு சொன்னானா, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சொன்னானா?

அடுத்த வாரம் எங்கள் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) தொடரின் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அன்று அவன் கொடுத்த பாஸ்களில் வளையத்துக்கு அடியிலிருந்தே சிலர் தவறவிட்டார்கள். கல்லூரியின் மொத்த அசிஸ்ட் பட்டியலில் அவன் இரண்டாம் இடத்தில் நின்றான். முதலிடத்துக்கு ஒன்று குறைவு.

அதே நாட்களில்தான் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழக வீரர் அன்டோயின் டேவிஸ் பற்றி எங்கும் பேச்சு. மார்ச் 2 அன்று யங்ஸ்டவுன் ஸ்டேட்டிடம் 71-66 என்று தோற்றார்கள். டேவிஸ் எடுத்தது 22 புள்ளி. மொத்தம் 3,664. கல்லூரி ஆண்கள் ஆட்டத்தின் மொத்தப் புள்ளிச் சாதனையாக பீட் மாராவிச் 1970-இல் விட்டுப்போன 3,667-க்கு மூன்று குறைவு. அணி 14 வெற்றி, 19 தோல்வியில் இருந்தது. பணம் கட்டி ஆடும் சிபிஐ (காலேஜ் பாஸ்கெட்பால் இன்விடேஷனல்) தொடரிலாவது இடம் கிடைக்குமா என்று பார்த்தார்கள், அழைப்பு வரவில்லை. மாராவிச்சுக்கும் டேவிஸுக்கும் சொந்த அப்பாவே பயிற்சியாளர். டேவிஸின் அப்பா மைக் டேவிஸ் அந்த இரவை எப்படிக் கடந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

புள்ளிக்கு வாதம் கிடையாது என்று மேலே எழுதினேன். அது முழு உண்மையில்லை. மாராவிச் 83 ஆட்டத்தில் அவ்வளவும் எடுத்தார். அப்போது முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது, தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோடும் கிடையாது. டேவிஸுக்குக் கோவிட் தந்த கூடுதல் ஆண்டோடு ஐந்து சீசன், 144 ஆட்டம், 588 மூன்று புள்ளிக் கூடைகள். அதைச் சொல்லி அவரைக் குறைத்தவர்களும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதலாண்டிலேயே 132 மூன்று புள்ளிக் கூடை போட்டு, பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டீபன் கரி தன் முதலாண்டில் போட்ட 122-ஐத் தாண்டியவர் அவர். அந்தப் பந்துகளை யாரும் அவருக்காக எறியவில்லை. அடுத்த மார்ச்சில் பெண்கள் ஆட்டத்தில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 3,667-ஐத் தாண்டி 3,951-இல் முடித்தபோது அந்த எண்ணே வேறு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பையனுக்கும் அந்தக் கூடுதல் ஆண்டு இருந்தது. அவன் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் முடிந்தது, வேலை கிடைத்தது, முன்பே முடிவு செய்துவிட்டான். அவன் வந்திருந்தால் நவம்பர் முதல் ஆட்டத்தில் பத்து நிமிடத்துக்குள் சாதனையைத் தாண்டியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தாண்டியிருப்பான்தான். ஆனால் அது நான் பார்த்ததற்குப் பதில் ஆகாது.

என்னைக் குடைவது வேறு. ஆட்டத்துக்கு முன் தகவல் அலுவலகம் தரும் குறிப்பில் அவனுக்கு இன்னும் எத்தனை அசிஸ்ட் வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் படித்திருந்தேன். சொந்த அரங்கில் அசிஸ்ட் தாராளமாக விழும் என்ற பேச்சு எப்போதும் உண்டு. அந்தப் பேச்சு என் மேல் வரக்கூடாது என்று அன்று கையை இறுக்கிக்கொண்டேனா? சாதாரண ஒரு டிசம்பர் ஆட்டமாக இருந்தால் அதே பாஸுக்கு என்ன சொல்லியிருப்பேன்? அவன் இரண்டாம் ஆண்டில் ஆடியபோது இதைப் போன்ற ஒன்றைக் கொடுத்த நினைவும் இருக்கிறது. அதில் ஒரே தட்டுதான் என்று நினைக்கிறேன்.

மற்ற அரங்குகளில் இதே வேலை பார்க்கும் நண்பர்கள் இருவருக்கு அந்தத் துண்டு வீடியோவைக் காட்டினேன், பெயரும் பின்னணியும் சொல்லாமல். ஒருவர் உடனே அசிஸ்ட் என்றார். மற்றவர் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்து, இல்லை என்றார். டியூக் பல்கலைக்கழகத்தின் பாபி ஹர்லி 1993-இல் 1,076 அசிஸ்ட்டோடு முடித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற சாதனை அது. அந்த 1,076-இலும் ஒவ்வொன்றையும் ஏதோ ஓர் அரங்கில் யாரோ ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் முந்தின நாள் குறிப்பைப் படித்துவிட்டு வந்தார்களோ.

இப்போதெல்லாம் ஆட்டம் முடியும்வரை அந்தக் குறிப்புத் தாளை என்னிடம் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லேப்டாப்காரருக்கு இது பிடிக்கவில்லை. "யாருக்கு எத்தனை வேண்டும் என்று அறிவிப்பாளர் மைக்கில் சொல்லத்தானே போகிறார், காதையும் பொத்திக்கொள்வீர்களா?" என்கிறார். அவர் கேட்பதும் சரிதான். ஆனாலும் தாளை வாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.