ஸ்னாப்டிராகன் லேப்டாப்பும் பழைய பிரிண்டரும்: டிரைவர் தேடி அலையாதீங்க

ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப் வாங்கிட்டு, பிரிண்டர் வேலை செய்யலைன்னு தவிக்கிறவங்க யாராவது இருந்தா, "புது பிரிண்டர் வாங்கிடுங்க"ன்னு சொல்ற பேச்சை உடனே கேட்டுடாதீங்க. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க, இன்னும் ஆத்திரம் அடங்கல.

நான் வீட்டுல தமிழ் டியூஷன் எடுக்குறேன். சிங்கப்பூர்ல தொடக்கப்பள்ளி முடிக்கிற பிள்ளைங்க எழுதுற பிஎஸ்எல்இ தேர்வு நெருங்குற நேரத்துல பயிற்சித்தாள் அடிக்காம எனக்கு வேலையே ஓடாது. லேப்டாப் வாங்கும்போதே பிரிண்டர் பத்தி கடையில கேட்டேன், "எல்லா சாஃப்ட்வேரும் ஓடும்"னாங்க. ஓடுது, அதுல பொய் இல்ல. விண்டோஸ் 11-ல பிரிஸம்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு எழுதின அப்ளிகேஷனை அது ஸ்னாப்டிராகன் மாதிரி ஏஆர்எம் வகை சிப்புல ஓட்டிடும். ஆனா பிரிண்டரை விண்டோஸோட பேச வைக்கிற டிரைவர் விஷயத்துல அது ஒண்ணும் செய்யாது, டிரைவர் ஏஆர்எம்64-க்குன்னே, அதாவது இந்த 64-பிட் ஏஆர்எம் சிப்புக்குன்னே, எழுதினதா இருக்கணும். இதை ஒருத்தரும் வாயத் திறந்து சொல்லல.

கொடுமை என்னன்னா, பிரிண்டர் கம்பெனியோட இன்ஸ்டாலர் அழகா ஓடும், அதுவும் ஒரு அப்ளிகேஷன்தானே, பச்சைக் கோடு நகர்ந்துகிட்டே போகும், யுஎஸ்பி கேபிளைச் சொருகச் சொல்லும், சொருகினா கடைசிக் கட்டத்துல வந்து அப்படியே நின்னுடும், செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா பிரிண்டர் பேருக்குக் கீழ "டிரைவர் அன்அவெய்லபிள்"னு இருக்கும். அழிச்சுட்டு திரும்பப் போட்டாலும் அதே கதைதான்.

அந்த லேசர் பிரிண்டரை டிராலியில கட்டி, கொட்டுற மழையில டாக்ஸி புடிச்சு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டர்ல இருந்தவர் என் லேப்டாப்புல என்ன சிப்புன்னுகூடப் பார்க்கல. அவரோட கம்ப்யூட்டர்ல சொருகி டெஸ்ட் பேஜ் எடுத்துக் காட்டிட்டு, பிரிண்டர் நல்லா இருக்கு, மாடல்தான் பழசு, மாத்திடுங்கன்னு விலைப்பட்டியலை நீட்டினார். செக் பண்ணதுக்கு வெள்ளி வேற வாங்கிட்டாங்க. நல்லா இருக்குற பொருளை எதுக்குங்க தூக்கிப் போடணும்?

வழி காட்டினது என் மகதான். "அம்மா, என் போன்ல இருந்து வருதே"ன்னா. வைஃபைல இருந்த அதே பிரிண்டர்ல, எந்த ஆப்பும் போடாம அவ ஸ்கூல் வேலையை அடிச்சுக்கிட்டு இருந்தா. ஐபோன்ல ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுல மோப்ரியா, ரெண்டுக்கும் அடியில ஐபிபிங்கிற பொது முறைதான் இருக்கு, கம்பெனி டிரைவரே தேவையில்ல. விண்டோஸ்லயும் அதுக்கு மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர் உள்ளயே இருக்கு, ஏஆர்எம் லேப்டாப்புலயும் இருக்கு! இத்தனைக்கும் பிரிண்டர் கம்பெனிகளோட டிரைவரை விண்டோஸ் அப்டேட் வழியா தர்றதைப் படிப்படியா நிறுத்தப் போறோம்னு மைக்ரோசாஃப்ட் 2023-லயே அறிவிச்சாச்சு. சர்வீஸ் பண்றவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?

அப்புறம் கம்பெனி சாஃப்ட்வேரை மொத்தமா நீக்கினேன், கேபிளைக் கழட்டினேன். தானா தேடவிட்டா பழையபடி அதே எர்ரர் வந்துச்சு, அதனால "ஆட் மேனுவலி" போய் பிரிண்டரோட ஐபி அட்ரஸ் (வீட்டு நெட்வொர்க்குல அதுக்கு இருக்குற எண்) வழியா சேர்க்கிற ஆப்ஷனை எடுத்து, டிவைஸ் டைப்புல "ஐபிபி டிவைஸ்"னு மாத்தினதும் ஏத்துக்கிச்சு. உங்களுக்கு ஏத்துக்கலைன்னா பிரவுசர்ல அந்த ஐபி அட்ரஸை அடிச்சு பிரிண்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல ஐபிபி, ஏர்பிரிண்ட் ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ரவுட்டர்ல அந்த ஐபி மாறாம ரிசர்வ் பண்ணி வைங்க, இல்லேன்னா ஒருநாள் திடீர்னு ஆஃப்லைன்னு காட்டும்.

முதல் பக்கம் வராம மஞ்சள் லைட்டு மினுக்குச்சு, பேப்பர் சைஸ் லெட்டர்னு இருந்திருக்கு, ஏ4-க்கு மாத்தினதும் கருத்தறிதல் பகுதி முழுசா வெளிய வந்துச்சு, கொம்பு, சுழி, புள்ளி எதுவும் உடையல. அந்தத் தாளைக் கையில வாங்கினப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

போன்ல இருந்து ஆப் இல்லாம பிரிண்ட் வந்தா, பெரும்பாலும் ஏஆர்எம் லேப்டாப்புலயும் வரும். வைஃபை, நெட்வொர்க் போர்ட் எதுவும் இல்லாத யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய மாடலுக்குத்தான் உண்மையிலேயே சிக்கல், அதுக்கு கம்பெனி தளத்துல ஏஆர்எம்64 டிரைவர் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறமா பணத்தை எடுங்க.