ஒண்ணுமில்ல

மேடம் போயிட்டாங்கன்னு நம்ம பேட்ச் வாட்ஸ்அப்ல வந்தப்போ இங்க பிரான்ஸ்ல விடிகால அஞ்சு மணி, வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கிட்டிருந்தேன், ஒரு கால் மாட்டி ஒரு கால் மாட்டாம அப்படியே உக்காந்துட்டேன். பேர் சொல்லணுமா என்ன, லியர் மேடம்னா நம்ம எல்லாருக்கும் தெரியும். காலேஜ்ல ஃபைனல் இயர், மாடில கடைசி க்ளாஸ், சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட், ஃபேன் சுத்தும் ஆனா காத்து வராது, அந்த நேரத்துல நம்மள தூங்க விடாம வெச்சிருந்த ஒரே ஆள்.

1990ல அந்த இன்டர்னல் டெஸ்ட் ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. ஷேக்ஸ்பியரோட 'கிங் லியர்' நாடகத்துல வர்றவங்களோட குறை என்ன, அதால எப்படி அழிஞ்சாங்கன்னு கேள்வி. கதைதான் தெரியுமே, கிழட்டு ராஜா லியர் நாட்டப் பிரிச்சுக் கொடுக்க, என்மேல எவ்ளோ பாசம்னு மூணு பொண்ணுங்களையும் கேக்குறான், மூத்ததுங்க ரெண்டும் புகழ்ந்து தள்ளுதுங்க, கடைசி பொண்ணு கார்டீலியா 'நத்திங்'னு சொல்றா, அவளுக்கு சீர் எதுவும் இல்லன்னு அவன் துரத்த, பிரான்ஸ் ராஜா அவள அப்படியே கூட்டிட்டுப் போறான். லியரோட கர்வம், முன்கோபம், முகஸ்துதிக்கு மயங்கினது, க்ளாஸ்டர்ங்கற பிரபு ஒரு பொய் லெட்டர நம்பி பெத்த புள்ளையையே துரத்தின அவசரம் எல்லாத்தையும் பக்கம் பக்கமா எழுதிட்டு, கார்டீலியாவுக்கு மட்டும் 'இவளிடம் எந்தக் குறையும் இல்லை, உண்மை பேசியதற்குத் தண்டிக்கப்பட்டாள்'னு முடிச்சு அடியில ஸ்கேல் வெச்சு கோடும் போட்டிருந்தேன். மேடம் என்னை முன்னாடி கூப்பிட்டு அந்தப் பக்கத்த சத்தமா படிக்க வெச்சாங்க.

"உங்கப்பா என்னம்மா பண்றாரு?"

"விவசாயம் மேடம். ரெட்டிச்சாவடி பக்கம்."

"என்மேல உனக்கு எவ்ளோ பாசம்னு அவர் கேட்டா என்ன சொல்லுவ?"

நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன். சொல்லும்மா சொல்லும்மான்னு அவங்க விடல, "ஒண்ணுமில்ல மேடம்"னு வாய்ல வந்துடுச்சு. க்ளாஸே சிரிச்சுது. மேடம் சிரிக்கல. "கார்டீலியா சொன்ன 'நத்திங்' இதுதான்டி பொண்ணுங்களா, நோட்ஸ்ல 'எதுவும் இல்லை'னு போட்டிருப்பான், நம்ம வீட்டு பாஷைல அது 'ஒண்ணுமில்ல'. மனசு ரொம்பியிருக்கறப்பதான் அது வரும், ஆனா கேக்குறவனுக்கு காலி பாத்திரம் மாதிரி கேக்கும். எண்பது தாண்டின கிழவன் அவன், அவன்கிட்ட போயி அளந்தா ஊத்துவாங்க?" அப்படின்னு சொல்லிட்டு 15க்கு 4ன்னு மார்க்கையும் எல்லார் முன்னாடியும் படிச்சாங்க. பெல் அடிக்கிற வரைக்கும் மேஜை பக்கத்துலயே நின்னேன், அந்த மேஜை ஓரத்துல யாரோ காம்பஸால கீறின ஒரு மீன் இருந்துச்சு, அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நாப்பது பேர் முன்னாடி என் வீட்ட இழுத்தது தப்புதான், இன்னிக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

ஆனா மறுநாள் அவங்க எடுத்த பாடம் மாதிரி இன்னொரு பாடம் என் வாழ்க்கைல கேக்கல. சோக நாடகத்துல நாயகன் விழுறதுக்குக் காரணமா ஹமார்ட்டியான்னு அரிஸ்டாட்டில் சொன்னத கெட்ட குணம்னு எழுதாதீங்க, அம்பு குறி தப்புறதுக்கும் கிரேக்கத்துல அதே சொல்லுதான், ரொம்ப நல்லவனும் இல்லாம ரொம்ப கெட்டவனும் இல்லாம நம்மள மாதிரி ஒருத்தன் குறி தப்பி விழுந்தாதான் பாக்குறவங்க வயிறு கலங்கும்னாங்க. கென்ட்ங்கற பிரபு முகத்துக்கு நேரா எடுத்துச் சொன்னான், ராஜா அவனையே நாடு கடத்திட்டான், இடிச்சுச் சொல்ல ஆள் இல்லாத ராஜாவ கெடுக்க வேற எவனும் வேணாம்னு குறள்லயே வருதுல்லன்னாங்க. க்ளாஸ்டரோட கண்ண பிடுங்கினதுக்கு அப்புறம், கண்ணு இருந்தப்போதான் நான் தடுக்கி விழுந்தேன்னு சொல்ற இடத்துல புத்தகத்த மூடி வெச்சுட்டாங்க.

அப்புறம் சொன்னதுதான் விஷயம். அப்பனும் அளந்தான், பொண்ணும் அளந்தா. நாட்டக் கொடுத்துட்டு 100 வீரர் என்கூட இருக்கணும்னு லியர் கேட்டது, 50 போதும், 25 போதும், ஒருத்தன்தான் எதுக்குன்னு மூத்ததுங்க ரெண்டும் குறைச்சுக்கிட்டே வந்தப்போ, 50ங்கறது 25க்கு ரெட்டிப்பு, அப்போ உன் பாசமும் ரெட்டிப்புன்னு அந்தக் கிழவன் கணக்கு போடுறான். கார்டீலியாவும் சும்மா இல்ல, என் கடமைக்கு எவ்ளோவோ அவ்ளோதான், கூடவும் இல்ல குறையவும் இல்ல, கல்யாணம் ஆனா பாதி பாசம் புருஷனோட போயிடும்னு தராசு பிடிக்கிறா. ரெண்டும் ஒரே ரத்தம்னாங்க மேடம். கார்டீலியா சாவுறத தாங்க முடியாம 1681ல ஒருத்தர் அவ பொழச்சு கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி மாத்தி எழுதி, 150 வருஷம் கிட்ட இங்கிலாந்துல அதைத்தான் போட்டாங்களாம். மேடம் கடைசி சீன படிச்சப்போ செத்த பொண்ண கைல வெச்சுக்கிட்டு லியர் அஞ்சு தடவை 'நெவர்' சொல்றான்ல, அந்த அஞ்சையும் அஞ்சு விதமா சொன்னாங்க, அஞ்சாவது கேக்கவே இல்ல.

1993ல எனக்கு சொல்தா குடும்பத்துல, அதான் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க குடும்பத்துல, சம்பந்தம் ஆச்சு. சீர் எதுவும் வேணாம்னுட்டாங்க, பிரான்ஸ் ராஜா சீரில்லாம கூட்டிட்டுப் போறாருடின்னு நீங்கல்லாம் மண்டபத்துல கிண்டல் பண்ணீங்க. ஏர்போர்ட்ல அப்பா "பாத்து போம்மா"ன்னாரு, நான் "சரிப்பா"ன்னேன். அதுக்கப்புறம் பாரிஸ்ல நம்மாளுங்க கடை இருக்கற லாச்சப்பல்ல போன் கார்டு வாங்கி வாரத்துக்கு ஒரு தடவை, சாப்டீங்களா, சாப்டேன், மழையா, இல்ல, வெக்கட்டா.

2011 டிசம்பர் 30 விடியக்கால தானே புயல் நம்ம பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறுச்சு, எங்க வீடு சரியா அந்தப் பாதைல. அம்மா போயி நாலு வருஷம், அப்பா தனி ஆளு, 78 வயசு. இங்க ராத்திரி ரெண்டு மணி, நான் போன் போட்டுக்கிட்டே இருக்கேன், லைனே போகல. புயல்ல வெட்டவெளில நிக்கிற லியர் ஞாபகம் வராம இருக்குமா. ஆறாவது நாள் பக்கத்து வீட்டுப் பையன் செல்லுல அப்பா வந்தாரு. "ஒண்ணுமில்லம்மா, காத்து கொஞ்சம் ஜாஸ்தி."

எனக்கு அந்த வார்த்தை தெரியும், அதுக்கு என்ன அர்த்தம்னு 4 மார்க் வாங்கி படிச்சவ நான். அடுத்த பிளேன் ஏறியிருக்கணும். "சரிப்பா, ஜாக்கிரதை"ன்னு வெச்சுட்டேன்.

ஜூலைல போனேன். எங்க தாத்தா வெச்ச ரெண்டு பலாமரமும் வேரோட சாஞ்சிருந்துச்சு, ஒண்ண அறுத்து அப்பா திண்ணைக்கு பலகை போட்டிருந்தாரு, மஞ்சளா, இழைச்ச வாசனை கூட போகல. கைல தடவிக்கிட்டே கேட்டாரு, எத்தன நாள் இருப்பேன்னு. பதினெட்டு நாள்ப்பான்னேன். தலைய ஆட்டிக்கிட்டாரு. அடுத்த தை மாசம் நான் வந்து சேர்ந்தப்போ பால் தெளிச்சு முடிச்சிருந்தாங்க.

இதை மேடம்கிட்ட சொல்லணும்னு நம்பர் வாங்கி வெச்சிருந்தேன், பேசல. போன வாரம் ஜூம்ல நீங்க எல்லாரும் மேடத்த பத்தி ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசினப்போ என் முறை வந்துச்சு, ஒண்ணுமில்ல, அப்புறமா எழுதி அனுப்புறேன்னு சொல்லி மைக்க ஆஃப் பண்ணிட்டேன்ல, அதான் இது.