எட்டாம் கூண்டில் அரைக் கிலோ வித்தியாசம்

நேற்று காலை எட்டாம் கூண்டில் இருந்து இரண்டு முயல் குட்டிகளை எடுத்து எடை போட்டேன். ஒரே தாய், ஒரே ஈற்று, இரண்டுக்கும் 84 நாள். ஒன்று 1 கிலோ 920 கிராம், இன்னொன்று 1 கிலோ 410. தின்றது ஒரே வேலிமசால், ஒரே பெல்லட் தீவனம். அந்த அரைக் கிலோ எங்கே போனது என்ற கேள்வி ஆறு வருடமாக மண்டையைக் குடைகிறது.

பாலக்கோட்டில் இருந்து மாரண்டஅள்ளி போகும் வழியில் எங்கள் தோட்டம். புளியமர நிழலில் கீற்றுக் கொட்டகை, 22 கூண்டு. முதலில் 7 பெண், 3 ஆண் என்று ஒரு யூனிட் வாங்கினேன். குட்டிகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் இரண்டு முறை வந்தார்கள், அப்புறம் போனை எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய சேதம் பின்னால்தான் தெரிந்தது. பத்தும் ஒரே ரத்தம். அண்ணன் தங்கையையே சேர்த்துச் சேர்த்து, மூன்றாம் தலைமுறையில் ஈற்றுக்கு நாலு குட்டி என்றானது. அதில் ஒன்றிரண்டு செத்தே பிறக்கும், மிஞ்சியதற்கு எடை ஏறாது. நான் தீவனத்தையும் வெயிலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு தப்புச் செய்தேன். கொட்டகையிலேயே கொழுகொழு என்றிருந்த ஆண் குட்டியை இனத்துக்கு விட்டேன். அதன் குட்டிகள் சாதாரணமாகத்தான் வந்தன. நோட்டைப் புரட்டினால், அது மூன்றே குட்டி போட்ட ஈற்றில் பிறந்தது. தாய் முயல் நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் மூன்று நான்கு நிமிடம். எட்டு ஒன்பது குட்டி முட்டி மோத வேண்டிய மடியில் மூன்று மட்டும் குடித்தால் எந்தக் குட்டியும் கொழுக்கும். நான் பார்த்தது பாலை. அதை ரத்தம் என்று நினைத்துவிட்டேன்.

அக்கா மகள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவளிடம் இதைச் சொன்னபோது, "இப்போ மரபணுவிலேயே பார்க்கிறாங்க மாமா" என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கினாள். முயலுக்கு 22 ஜோடி குரோமோசோம். அதில் வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணு ஒன்று. அது தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு இடத்தில், டிஎன்ஏ எழுதப்பட்டிருக்கும் எழுத்துகளில், சில முயல்களுக்கு சி என்ற எழுத்து, சிலவற்றுக்கு டி. இத்தாலியில் இறைச்சி முயல்களில் ஆராய்ந்தவர்கள், விற்கிற வயது எடைக்கும் அந்த எழுத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இன்னொன்று மையோஸ்டாட்டின். தசை அளவுக்கு மீறி வளராமல் பிடித்து வைக்கிற பிரேக் அது. பெல்ஜியன் புளூ மாட்டுக்கு அந்தப் பிரேக் வேலை செய்யாததால்தான் அப்படித் திரண்ட உடம்பு. முயலிலும் அந்த மரபணுவை எடையோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்றுதான். அந்த எழுத்து பாலால் மாறாது. மூன்று குட்டி ஈற்றோ ஒன்பதோ, கண் திறக்காத குட்டியிலேயே அதைப் படித்துவிடலாம். அன்று அது என் கையில் இருந்திருந்தால் அந்தக் கொழுத்த ஆணை நம்பி ஒரு வருடத்தை விட்டிருக்க மாட்டேன்.

"அப்போ நம்ம முயலுக்கும் டெஸ்ட் எடுத்திடலாமா பாப்பா?" என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "நம்ம கூட்டத்துல ரெண்டு எழுத்தும் இருக்கணும் மாமா. எல்லாத்துக்கும் ஒரே எழுத்துன்னா எதையும் பிரிக்க முடியாது. எடைங்கிறது ஒரு மரபணு செய்யற வேலையும் இல்ல, நிறைய மரபணு கொஞ்சம் கொஞ்சமா செய்யுது. நீங்க நோட்டை ஒழுங்கா எழுதுங்க, எழுத்து எதோட ஒத்துப்போகுதுன்னு அதுல இருந்துதான் பார்க்க முடியும்."

அன்றில் இருந்து நோட்டில் ஒரு கட்டமும் காலியாக விடுவதில்லை. தாய் எண், தகப்பன் எண், ஈன்ற தேதி, எத்தனை பிறந்தது, எத்தனை பிழைத்தது, பால் மறக்கும் 28ஆம் நாள் எடை, 84ஆம் நாள் எடை. ஒரே நாளில் ஈன்ற இரண்டு தாய்களுக்குக் குட்டிகளைச் சமமாகப் பிரித்து விடுகிறேன், பால் கணக்காவது ஓரளவு நேராகும். சித்திரை ஈற்றைத் தனியாகக் குறிக்கிறேன். அந்த வெயிலில் முயல் மூச்சு வாங்கிக்கொண்டு காது விரிய நீட்டிப் படுத்துவிடும், தீனியைத் தொடாது. அதை மார்கழிக் குட்டியோடு ஒப்பிட்டால் தப்பான முயலைக் கழித்துவிடுவோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முயல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண் முயல் மாற்றிக்கொள்ளும்போது அதன் தாய் தகப்பன் எழுதிய பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கொடுங்கள். வெறும் முயலாகக் கைமாற்றாதீர்கள்.

அவள் சொன்னபடி வேரோடு பிடுங்கிய முடியைக் காகித உறையில் போட்டு எண் எழுதி வைக்கிறேன். ஈரம் படாமல் இருந்தால் போதுமாம். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போவாள். எட்டாம் கூண்டுக் குட்டிகள் இரண்டின் உறையும் அதில் இருக்கிறது. சின்னது அந்த ஈற்றில் கடைசியாக வந்தது. பிறந்த அன்று அதன் எடை 38 கிராம், பெரியது 61.