பத்து ரூபாவும் நெடுந்தீவும்

1980 பங்குனியில், உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஆறு பேர் ஒரு வார இறுதிக்கு நெடுந்தீவு போய்வந்தோம். ஆளுக்குப் பத்து ரூபா என்று முடிவு. அதற்கு மேல் வீட்டில் கேட்க எங்களில் யாருக்கும் வழியில்லை. ஐந்து பேர் யாழ்ப்பாணப் பட்டினத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள். ஆறாவது ஆள் விடுதியில் தங்கிப் படித்த நெடுந்தீவுப் பெடியன். பெயர்களை எழுதவில்லை. எங்களோடு படித்தவர்களுக்கு யார் யார் என்று தெரியும்.

அவன் வகுப்பில் அதிகம் பேசமாட்டான். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடுவான். சில திங்கட்கிழமைகளில் அவனுடைய வாங்கு வெறுமையாக இருக்கும். மறுநாள் வந்ததும் மாஸ்ரர் காரணம் கேட்பார். "கடல் விடேல்லை சேர்" என்பான். அதற்கு மேல் எந்த விளக்கமும் சொல்லமாட்டான். அந்தக் கடலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் பயணத் திட்டமே பிறந்தது. "வாங்கோவன், எங்கட வீட்டிலயே நிக்கலாம்" என்று அவன் சொன்னதும் செலவில் பெரும் பகுதி குறைந்துவிட்டது.

எங்களில் ஒருவனுக்கு எதையும் படித்துவிட்டுப் போக வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் உட்கார்ந்து நெடுந்தீவு பற்றி அகப்பட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். மாடுகள் நிறைந்திருந்ததால் போர்த்துக்கேயர் அதைத் தங்கள் மொழியில் பசுத்தீவு என்று அழைத்தார்கள். ஒல்லாந்தர் வந்து தங்கள் நாட்டு நகரத்தின் பெயரான டெல்வ்ற் என்பதை வைத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பெரியவற்றுள் இதுவும் ஒன்று, பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அங்கே குதிரை வளர்த்தார். இப்படிப் பல பக்கங்கள். கொப்பியின் பின்பக்கத்தில் செலவுக் கணக்கு. அடுத்த ஆண்டு, 1981 மே 31 இரவில் தொடங்கி, அந்த நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவன் எந்தெந்தப் புத்தகங்களைப் பார்த்து எழுதினானோ, அவையும் அதற்குள்தான் இருந்திருக்க வேண்டும். கொப்பி மட்டும் தப்பிக் கனடா வரைக்கும் வந்திருக்கிறது. அதன் படப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

புறப்படுமுன் நண்பன் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மரக்கறி கொண்டு வாங்கோ." யாழ்ப்பாணச் சந்தையில் கத்தரிக்காய், வாழைக்காய், வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு பெரிய பூசணிக்காய் எல்லாம் வாங்கி உரப்பையில் கட்டினோம். பொது நிதியில் கணிசமான பங்கு அதற்கே போனது. அப்புறம் சீ.ரீ.பி. பஸ். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடலாக விரிகிற புங்குடுதீவுப் பாலம். ஆழமில்லாத தண்ணீரில் மீன்பிடிக்கிற களங்கட்டித் தடிகள் வரிசையாக நின்றன. குறிகட்டுவானில் இறங்கும்போது வெயில் தணிந்திருந்தது.

துறையில் குமுதினி நின்றது. தீவாருக்கு அந்தப் படகுதான் பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடச் சாமான்கள், சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள், வைத்தியம் பார்த்துவிட்டு வரும் நோயாளிகள் எனப் படகு நிறைந்துவிட்டது. வகுப்பில் வாய் திறக்காத எங்கள் நண்பனைப் படகில் தெரியாத ஆள் இல்லை. மூட்டைகளை வாங்கி வைத்தான், வயதானவர்களைக் கைபிடித்து இறக்கினான், ஓட்டியோடு பகிடி விட்டான். எங்கள் ஐந்து பேருக்கும் அவனே இடம் பிடித்துத் தந்தான்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரத்தையும் விகாரையின் வெள்ளைத் தூபியையும் கடந்த பிறகு கடல் மாறியது. ஏழாத்துப் பிரிவு என்று அந்த இடத்தைச் சொல்வார்கள். பல பக்க நீரோட்டங்கள் அங்கே வந்து கூடுகின்றன. பங்குனி அமைதியான மாதம்தான். ஆனால் அங்கே அமைதியான நாளிலும் படகு பக்கவாட்டில் சாயும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பெயர்ந்துவிட்டால் வைகாசியிலிருந்து சில மாதங்களுக்குப் பயணமே நிச்சயமில்லை. அவனுடைய "கடல் விடேல்லை" அங்கேதான் எங்களுக்கு விளங்கியது. எங்களில் இரண்டு பேருக்குத் தலைசுற்றல். எதிரில் இருந்த ஓர் ஆச்சி மடியிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, "மணந்து கொண்டிரு ராசா, கீழ பாக்காத, பனையைப் பார்" என்றா. அடிவானத்தில் பனைகள் மட்டும் தெரிந்தன. நிலம் அவ்வளவு தாழ்வு. மாவிலித்துறையில் இறங்கும் வரை அந்தத் தேசிக்காய் இரண்டு பேரின் மூக்குக்கும் மாறிமாறிப் போனது.

நண்பனின் தகப்பனார் கடற்றொழிலாளி. சில வாரங்களுக்கு முன்புதான் கச்சதீவு அந்தோனியார் பெருநாளுக்குப் போய், இராமேஸ்வரத்திலிருந்து வந்தவர்களோடு கதைத்துவிட்டு வந்திருந்தார். அம்மா எங்கள் உரப்பையைத் திறந்ததும் முதலில் பூசணிக்காயைத்தான் தூக்கினா. பக்கத்து வீட்டுக்கு ஒரு கீற்று, அதற்கடுத்த வீட்டுக்கு ஒரு கீற்று என்று அது அன்றிரவே நாலு வளவுக்குப் போனது. எங்களுக்கு மீன் குழம்பும் சொதியும் சோறும். முற்றத்தில் பாய் விரித்துச் செபம் சொல்லிச் சாப்பிட்டோம். சைவக்காரப் பெடியள் நாங்களும் தலைகுனிந்து இருந்தோம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது நண்பன் மெதுவாகச் சொன்னான்: "வாளியில உள்ளது உவர். செம்பில உள்ளது குடிக்கிற தண்ணி. பாத்துப் பாவியுங்கோடா."

காசை எண்ணிச் செலவழிக்க எங்களுக்குத் தெரியும். தண்ணீரை எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் நாங்கள் அதற்கு முன் தங்கியதில்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உடம்பு கழுவத்தான். குடிக்கவும் சமைக்கவும் சாராப்பிட்டிக் கிணறுகளிலிருந்து அள்ளி வர வேண்டும். திண்ணையில் மூன்று குடங்கள் துணி கட்டி மூடியிருந்தன. முதற்குடத்துத் தண்ணீர் சமையலுக்கு. இரண்டாவது வீட்டாருக்கு. மூன்றாவது எங்களுக்காக அன்று மத்தியானம் அம்மா தலையில் சுமந்து வந்தது. இதை அவ சொல்லவில்லை, நண்பனின் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். அன்றிரவு நாங்கள் கூடிப் பேசிக் கொப்பியில் ஒரு வரி எழுதினோம். "குளிப்பு கடலில். நல்ல தண்ணி நாங்களே அள்ளுவது." செலவுக் கணக்குப் பக்கத்தில் தொகை போடாமல் இருக்கும் வரி அது ஒன்றுதான்.

மறுநாள் விடியவே சைக்கிள்களில் இரண்டிரண்டு பேராக ஏறிப் புறப்பட்டோம். நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது மதில்தான். சீமெந்து, சுண்ணாம்பு எதுவுமில்லாமல் முருகைக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வளவுக்கு வளவு, வயலுக்கு வயல் மைல் கணக்கில் ஓடுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பழைய கடலுயிர் விட்டுப்போன வரிகளும் துளைகளும். காற்று அந்த இடைவெளிகளால் புகுந்து போகும். கடற்காற்று நேராக மோதினால் கட்டிய சுவர் சாயலாம், காற்றைப் போகவிடும் இந்த மதில் நிற்கிறது என்று தகப்பனார் சொன்னார். ஆடு பாய்ந்து சரிந்த ஒரு பகுதியை அவர் அன்று காலை திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு கல்லை எடுத்து வைத்தேன், ஆடியது. அவர் அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்து இரண்டுதரம் திருப்பிப் பார்த்து, குறுகிய பக்கத்தை உள்ளே தள்ளி வைத்தார். அசையவில்லை. "கல்லுக்கும் முகம் இருக்குத் தம்பி" என்றார்.

பெருக்கமரத்தடியில் நீண்ட நேரம் இருந்தோம். அராபிய வணிகர் கொண்டுவந்து வைத்தது என்று சொல்லப்படும் ஆபிரிக்க மரம். மன்னாரிலும் இதன் இனத்தைக் காணலாம். அடிமரத்தில் ஒரு பொந்து. ஆறு பேரும் உள்ளே நெருங்கி நின்றோம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே பட்டையைத் தொட்டால் குளிர்ந்திருந்தது. கொப்பிக்காரன் அங்கே நின்றே தன் குறிப்புகளை உரக்க வாசித்தான்.

புறாக்கூடு, முருகைக்கல்லால் கட்டிய பழைய கோட்டையின் இடிந்த சுவர்கள் எல்லாவற்றையும் விரைவாகவே பார்த்தோம். வெடியரசன் கோட்டை என்று மக்கள் சொல்லும் இடத்தில் பௌத்த தூபிகளின் அடித்தளங்கள் வட்டமாகக் கிடந்தன. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கொப்பிக்காரனை மறித்து, "உதில வெடியரசன் கதை இருக்கோ?" என்று கேட்டார். இல்லை. அவரே சொன்னார். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலில் வந்தது, வெடியரசன் தடுத்தது, சண்டை மூண்டது. இடையிடையே பாட்டாகவும் பாடினார். மாடுகள் எங்கேயோ போய்விட்டன, அவர் நிறுத்தவில்லை. கொப்பியில் நான்கு பக்கம் அந்தக் கதை, அவசரக் கையெழுத்தில். என்னைக் கேட்டால் அந்தக் கொப்பியின் சிறந்த பக்கங்கள் அவைதான்.

பின்னேரம் தெற்கே, புல்வெளிக்குப் போனோம். மட்டக்குதிரைகள் கூட்டமாக நின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. இலாடமில்லை, கடிவாளமில்லை, பிடரிமயிர் சிக்குப்பட்டுத் தொங்கியது. ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நின்று எங்களைப் பார்த்தது. கோடை முற்றினால் குளங்கள் வற்றி இவை தண்ணீரில்லாமல் விழுந்து சாகும் என்று நண்பன் சொன்னான். அப்படியான ஆண்டுகளில் சனங்கள் தங்கள் கிணறுகளில் அள்ளி ஊற்றுவார்களாம். தங்களுக்கே குடம் எண்ணிப் பாவிக்கிறவர்கள். அதைச் சொல்லும்போது அவன் குரலில் எந்தப் பெருமையும் இல்லை, செய்கிற வேலையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

திரும்பும் வழியில் சாராப்பிட்டிக்குப் போய், எங்கள் பங்குத் தண்ணீரை அள்ளினோம். கிணற்றடியில் பெண்கள் எங்களுக்கு இடம்விட்டு, துலாவைப் பிடிக்கும் விதத்தையும் காட்டித் தந்தார்கள். சைக்கிளில் தொங்கிய தகரங்கள் தளும்பாமல் வீடு சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா குடங்களை நிரப்பிவிட்டு எங்களை ஒருதரம் பார்த்தா. அன்று தேத்தண்ணி இரண்டாம் முறையும் வந்தது.

ஞாயிறு காலை புறப்படும்போது மிச்சமிருந்த காசைக் கொடுத்துப் பார்த்தோம். அவ வாங்கவில்லை. பதிலுக்குப் புழுக்கொடியலும் கருவாடும் ஐந்து பொட்டலமாகக் கட்டித் தந்தா. திங்கட்கிழமை அந்தக் கருவாட்டு மணத்தோடுதான் வகுப்புக்கு வந்தோம். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் எங்களோடு எங்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கினான். சோளகத்தில் அவன் வராத நாட்களில் அவனுக்கும் சேர்த்து நோட்ஸ் எழுத ஆள் போட்டோம்.

1985 மே 15ஆம் திகதி குமுதினியில் போய்க்கொண்டிருந்த மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் அடக்கம். அப்போது நாங்கள் ஆறு பேரும் வெவ்வேறு இடங்களில். செய்தி கிடைத்த இரவு நான் முதலில் நினைத்தது அந்த ஆச்சியை. அவவின் பெயரை நாங்கள் கேட்கவில்லை. நண்பனின் வீட்டார் அன்று படகில் இல்லை என்பது தெரிய நாட்கள் சென்றன. ஆனால் அன்று போனவர்கள் எல்லோரும் அவனுக்குத் தெரிந்தவர்கள். அவனிடமிருந்து வந்த கடிதத்தில் பெயர்கள் மட்டும் இருந்தன, வரிசையாக. அதற்குப் பதில் எழுத எனக்கு வார்த்தை வரவில்லை, போய்ப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களில் மூன்று பேர் குடும்பத்தோடு திரும்பவும் போனோம். அப்போது நெடுந்தாரகை என்ற புதிய படகும் ஓடியது. மதில்கள் நிற்கின்றன, பெருக்கமரம் நிற்கிறது. குதிரைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் காலையில் வந்து மத்தியானப் படகில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் இரவாவது அங்கே தங்க வேண்டும், ஒரு குடமாவது அள்ள வேண்டும். தீவுப் பிள்ளைகள் இன்றும் பட்டினத்துக்கு வந்து விடுதிகளில் நின்று படிக்கிறார்கள். அவர்களோடு ஒரே வாங்கில் இருக்கும் மற்றப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கடலைக் கடந்திருப்பார்கள்?

ஆகவே நம் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் கல்லூரியின் உயர்தர வகுப்பிலிருந்து ஒரு சிறு குழுவை, வகுப்பிலுள்ள தீவக மாணவர்களே முன்னின்று கூட்டிப்போக, இரண்டு இரவுக்கு நெடுந்தீவு அனுப்பலாம். பஸ், படகு, சாப்பாடு என்று பார்த்தால் நாம் இங்கே ஒரு மண்டப விருந்துக்குச் செலவழிப்பதில் சிறு பங்குதான். நாங்கள் ஆறு பேரும் முதலாண்டுச் செலவை ஏற்கிறோம். நெடுந்தீவிலேயே வாழும் எங்கள் நண்பன் தங்குமிடம் பார்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டான். மாசியிலோ பங்குனியிலோ, சோளகத்துக்கு முன்னதாகப் போக வேண்டும். மரக்கறி கட்டாயம் கொண்டுபோக வேண்டும். சேர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள்.