பக் வாங்கும் முன் மூக்கைப் பாருங்கள்

சென்னை பெரம்பூர், கொளத்தூர் பக்கம் ‘வோடபோன் நாய்’ என்ற பக் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது விலையும் கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழும்தான். அந்தச் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும். மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சூ போன்ற இனங்களில் முக எலும்பு குட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. அதனால் மூக்குத் துவாரம் இடுங்கும், மேல்வாயின் பின்பக்கச் சதை நீண்டு மூச்சுக்குழலின் வாயை மறைக்கும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைக் கழிக்கிறது. அந்த வழியே அடைபட்டால் வேறு போக்கிடம் இல்லை. காசிமேடு, திருவொற்றியூரின் பிசுபிசுத்த கடல் காற்றில் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. ஆகவே அங்கே 34 டிகிரியே ஆபத்தாகலாம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுமே என்பார்கள். நமக்கு வியர்ப்பதால் ஃபேன் உதவுகிறது, நாய்க்கு ரொம்பக் கொஞ்சம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு, வெயில் இறங்கும் மொட்டைமாடிக்குக் கீழ்த்தளம், பகலில் ஏசி போட முடியாத வீடு என்றால் இந்த இனம் வேண்டாம். இதில் சமரசமே கிடையாது.

அதையும் தாண்டி ஆசை இருந்தால், குட்டி வாங்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இருந்தும் 45 நாள் குட்டி தாராளமாகக் கைமாறுகிறது. அந்த வயதில் மூச்சுக் கோளாறு பெரும்பாலும் தெரியாது, வளர வளரத்தான் வெளிப்படும். வளர்க்க முடியாமல் விட்டுக்கொடுக்கும் இரண்டு, மூன்று வயது நாயைத் தத்தெடுத்தால் என்ன வருகிறது என்று பார்த்தே எடுக்கலாம்.

நாயைப் பார்க்க வெயில் தணிந்த பிறகு போங்கள். பத்து நிமிடம் சும்மா படுக்க விடுங்கள். விழித்திருக்கும்போதே குறட்டை கேட்டால் அடைப்பு இருக்கிறது. துவாரம் திறந்திருக்க வேண்டும். பென்சில் கோடு மாதிரி இருந்தால் நல்லதல்ல. பிறகு மூன்று நிமிடம் வேகநடையாகக் கூட்டிப்போய், மூச்சுச் சத்தத்தைத் திரும்பக் கவனியுங்கள். கர்கர் சத்தம் கூடினாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்தபடியோ மோவாயை எதன்மேலாவது தூக்கி வைத்தோ தூங்குமா, நுரையாக வாந்தி எடுக்குமா என்று கேளுங்கள். வளர்த்தவர் “பக்னா அப்படித்தாங்க” என்று சிரித்தால், ஆம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். துவாரத்தை அகலப்படுத்தி மேல்வாய்ச் சதையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. மூச்சு இலகுவாகும், சாதாரண நாயின் மூச்சாகிவிடாது. மயக்க மருந்திலிருந்து தெளியும் நேரம்தான் இந்த இனங்களுக்குக் கண்டம்.

வந்த பிறகு கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழுப்பு தொண்டையையும் நெருக்கும். முக மடிப்பைத் துடைத்தால் ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் புண்ணாகும். கண் பிதுங்கியிருப்பதால் சீக்கிரம் கீறல் படும். ஒரு கண்ணை இடுக்கினால் அன்றைக்கே டாக்டர்.

வெயிலில் மயங்கினால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். சாதாரணமாக 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 105 தாண்டியிருந்தால் முதலில் உடம்பெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 103-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.