தேனடைப் பவளம்: குறுக்கே பார்த்ததும் நெடுக்கே பார்த்ததும்

அக்கா மகள் அமெரிக்காவில், மிச்சிகனில் படிக்கிறாள். போன விடுமுறைக்கு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது ஏரிக்கரையில் பொறுக்கிய கல் ஒன்றைக் கையில் கொடுத்து, "மாமா, பெட்டோஸ்கி கல், உங்களுக்குத்தான்" என்றாள். உள்ளங்கை அளவுக் கல், மேலெல்லாம் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள். எங்கள் வாசலில் நின்றாலே சுண்ணாம்பு மலை தெரியும். இந்தக் கல்லைப் போல அதுவும் பழைய கடலடிதான். ஆனால் கிந்தா பள்ளத்தாக்குச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் வெந்து பளிங்காகிவிட்டது, அதில் உயிரின் தடம் அகப்படுவது அரிது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெட்டோஸ்கி கல் என்பது ஹெக்சகோனேரியா என்ற, கல்லாகிப்போன பவளம். 1965-ல் மிச்சிகனின் மாநிலக் கல்லானது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கதிர் கதிராகத் தடுப்புகள் இருக்கும். என் கல்லை நனைத்து லென்ஸில் பார்த்தால் கதிரே இல்லை. கட்டமும் சின்னது, இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். மேல்பக்கம் தேய்ந்துபோயிருக்கும் என்று நினைத்து, தண்ணீர் விட்டு 220, 400, 800 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். இரண்டு மாலை போனது. கதிர் வரவில்லை.

சரி, நெடுக்கே அறுத்துப் பார்ப்போம் என்று டைல்ஸ் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொண்டுபோனேன். தண்ணீர் ஊற்றி ஊற்றி இரண்டாகப் பிளந்து கொடுத்தார். அறுத்த முகத்தைத் தேய்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. குழாய் குழாயாக நிற்கிறது, ஒவ்வொரு குழாயிலும் ஏணிப்படி மாதிரிக் குறுக்குத் தட்டுகள். பாலிப், அதாவது குழாயில் குடியிருந்த சின்னப் பவள உயிர், மேலே மேலே வளரும்போது தனக்குக் கீழே ஒரு தட்டைப் போட்டு மூடிவிடும். குடியிருப்பு எப்போதும் உச்சியில் மட்டும், கீழே இருப்பதெல்லாம் அது விட்டுப்போன அறைகள்.

அப்படியென்றால் இது ஃபேவோசைட்டிஸ். லமார்க் 1816-ல் வைத்த பெயர், லத்தீனில் ஃபேவஸ் என்றால் தேனடை. கதிர்த் தடுப்பு ஓங்கியிருப்பது ருகோசா, குறுக்குத் தட்டு ஓங்கியிருப்பது டாபுலேட்டா. ஃபேவோசைட்டிஸில் கதிர்த் தடுப்பு வெறும் முள்ளாகச் சுருங்கியிருக்கும். மேலே பார்த்தால் உடன்பிறப்பு போல இருக்கும் இரண்டும் வேறு வேறு குலம். இரண்டு குலமும் பெர்மியன் காலத்தோடு, அதாவது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், அற்றுப்போயின. இன்றைய கடலின் கல்பவளங்கள் அதற்குப் பிறகு வந்த தனிக் கிளை.

அடுத்து, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் சுவர்த்துளைகளைத் தேடினேன். வினிகரில் கொஞ்ச நேரம் வைத்தால் சுவர் எடுப்பாகும் என்று வைத்தேன், மறந்து தூங்கிவிட்டேன். காலையில் முகம் முழுக்க அரித்து மங்கியிருந்தது. மறுபடி 220-லிருந்து தொடங்கினேன். இந்தமுறை மூன்று நிமிடம், உடனே கழுவல். வெட்டு ஒரு சுவரின் முகத்தோடு ஒட்டிப் போன இடத்தில் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. எங்கள் பழைய லயத்து வீடுகள் ஞாபகம் வந்தது. பொதுச் சுவர், இந்த வீட்டுப் பேச்சு அந்த வீட்டில் கேட்கும். இந்தப் பாலிப்புகளும் அப்படித் துளை வழியாக ஒன்றோடொன்று இணைந்திருந்தவை.

இந்தக் குடும்பம் பவளமே இல்லை, கடற்பஞ்சு என்றுகூட ஒரு காலத்தில் சிலர் வாதிட்டார்கள். 1985-ல் பால் காப்பர் என்ற ஆய்வாளர், கனடாவின் அன்டிகோஸ்டித் தீவில் கிடைத்த 43 கோடி ஆண்டுப் பழைய ஃபேவோசைட்டிஸில் பாலிப்புகளே கல்லாகியிருப்பதைக் காட்டினார். மென்சதை கல்லாவது எவ்வளவு அபூர்வம்! அதைப் படித்தபின் என் கல்லின் ஒவ்வொரு அறையையும் லென்ஸில் துழாவினேன். கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் மட்டும்தான் இருந்தது.

துளைகள் சுவரின் மூலையில் இருந்தால் பேலியோஃபேவோசைட்டிஸ், முகத்தில் இருந்தால் ஃபேவோசைட்டிஸ். என்னுடையதில் முகத்தில்தான், எண்ணிய ஒன்பது இடத்திலும். பெட்டியில் "ஃபேவோசைட்டிஸ், மிச்சிகன்" என்று எழுதி ஒட்டினேன், இனப்பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். மற்ற பாதியை இனிக் குறுக்கே அறுக்க வேண்டும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.